தினமும் ஐந்து வரி: யாழ்ப்பாணத்தில் எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

நாள்தோறும் ஏதாவது எழுதவேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் இங்கே நிறையப் பேர். ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு போய்விட வீட்டில் தனித்திருக்கிற அம்மாமார், கடை வைத்திருக்கிறவர்கள். கதைத்துப் பார்த்தால் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: "எழுதலாம்தான், நேரம் எங்கே? அப்படியே நேரம் கிடைத்தாலும் எதை எழுதுவது?"

இரண்டு கேள்விக்கும் ஒரே விடைதான். வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிற நாளுக்குள்ளேயே ஒரு சின்ன இடம் பிடியுங்கள். அந்த நாளில் கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். கதை, கவிதை, கட்டுரை எல்லாம் அப்புறம் வரட்டும். இந்த வழிகாட்டி முதல் கொப்பியை நிரப்பப் போகிறவர்களுக்கானது.

கொப்பியும் பேனையும்

நாள் அச்சிட்ட டயரி வாங்கவேண்டாம். அதில் இரண்டு நாள் விட்டுப்போனால் இரண்டு வெறும் பக்கம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் திறக்கவே மனம் வராது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கிற ஒற்றை ரூல் கொப்பி போதும். 80 பக்கம் என்றால் கெதியாய் நிரம்பும், நிரம்பிய கொப்பி அடுத்ததை எழுத வைக்கும். மேசை இல்லாமல் மடியில் வைத்து எழுதுகிறவர்களுக்கு மட்டை தடித்த சி.ஆர். கொப்பி வசதி. விலை கூடிய கொப்பியில் ஒரு கெடுதல் உண்டு: அதில் சாதாரண விஷயம் எழுதக் கை கூசும். நமக்குத் தேவையே அந்தச் சாதாரண விஷயம்தான்.

பேனை, போல்பொயின்ற் பேனையாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தாள் நமுத்துப்போகும்; மைப் பேனையால் எழுதியது ஊறிப் பரவிவிடும்.

ஒவ்வொரு நாளும் முதல் வரியில் மூன்று விஷயம்: திகதி, கிழமை, இடம். இடத்தை விட்டுவிடாதீர்கள். "இணுவில், வீட்டு விறாந்தை" என்று ஒரு சொல் போட்டு வைத்தால், பத்து வருடம் கழித்து வாசிக்கும்போது அந்த விறாந்தையே கண்ணுக்கு முன் வரும். திகதியில் வருடத்தையும் முழுதாக எழுதுங்கள். பழைய கடிதங்களில் "12ஆம் திகதி, செவ்வாய்" என்று மட்டும் எழுதிவிட்டதால், எந்த வருடம் என்று கண்டுபிடிக்கப் பேரப்பிள்ளைகள் படுகிற பாட்டைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு எழுதுவது

அமெரிக்காவில் 1999 இல் தொடங்கி உலகமெங்கும் பரவிய நானோரைமோ என்ற முயற்சியைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நவம்பர் மாதம் முடிவதற்குள் 50,000 சொல்லில் ஒரு நாவல், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 1,667 சொல். அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவருவது சரிவராது. தமிழில் "போகவேண்டியிருந்ததால்" என்பது ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து சொல் வேண்டும். தமிழில் 1,667 சொல் எழுதுவது ஆங்கிலத்தில் அதே எண்ணிக்கை எழுதுவதைவிட மிகப் பெரிய வேலை. போதாததற்கு நவம்பர் இங்கே அடைமழைக் காலம்.

ஆகவே சொல்லை எண்ணாதீர்கள், வரியை எண்ணுங்கள். ஐந்து வரி. கேத்தில் கொதிக்கிற நேரத்தில் எழுதி முடிக்கக்கூடிய அளவு. காய்ச்சல் வந்த நாளிலும், விருந்தினர் நிறைந்த நாளிலும், சண்டை பிடித்த நாளிலும் ஐந்து வரி எழுதலாம். நல்ல நாளில் இரண்டு பக்கம் வந்தால் எழுதுங்கள், சந்தோஷம். ஆனால் நாளைக்கும் அளவு ஐந்து வரிதான். இன்று கூடுதலாக எழுதியதை நாளைக்குக் கழிக்கவும் கூடாது, நேற்று விட்டதை இன்று சேர்த்து எழுதவும் கூடாது.

எந்த நேரம்

இதில்தான் பலர் கவிழ்கிறார்கள். "நேரம் கிடைக்கும்போது எழுதுவேன்" என்று தொடங்கினால் அந்த நேரம் கிடைக்காது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து, 2009 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு புதிய பழக்கத்தை, தாங்கள் தினமும் செய்கிற ஏதாவது ஒன்றோடு சேர்த்துச் செய்தார்கள்: காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, இராச் சாப்பாட்டுக்கு முன் என்று. அந்தப் பழக்கம் யோசிக்காமலே வருகிற நிலைக்குச் சேர எடுத்த காலம் நடுக்கணக்கில் 66 நாள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரிது, 18 நாளிலிருந்து 254 நாள்வரை (12 வாரத்தைத் தாண்டிய நாட்கள் கணக்கிட்டு மதிப்பிட்டவை). 21 நாளில் எல்லாம் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 22ஆம் நாள் கஷ்டமாக இருந்தால் உங்களில் குறையில்லை.

அதனால் முதலில் செய்யவேண்டியது, உங்கள் நாளில் அசையாமல் நிற்கிற ஒரு வேலையைக் கண்டுபிடிப்பது. அதற்குப் பின்னால் எழுத்தை வைத்துவிடுங்கள்.

வீட்டில் இருக்கிற பெண்களுக்கு நான் சொல்வது: விடிய நாலரைக்கே எழும்பிப் புட்டோ இடியப்பமோ அவித்து, சம்பல் இடித்து, பிள்ளைகளுக்கும் அவருக்கும் கட்டிக் கொடுத்து, ஏழரைக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது வீடு ஒருமுறை அடங்கும். அப்போது குடிக்கிற இரண்டாவது தேத்தண்ணி, அதுதான் உங்கள் நேரம். கோப்பையை எடுக்கும்போதே கொப்பியையும் எடுங்கள். பாத்திரம் கழுவிவிட்டு எழுதலாம் என்று நினைத்தால் பாத்திரத்துக்குப் பின்னால் உடுப்பு, உடுப்புக்குப் பின்னால் சந்தை, அதற்குள் மத்தியானச் சமையல். பாத்திரம் பத்து நிமிடம் காத்திருக்கும். இதில் குற்ற உணர்ச்சி வேண்டாம் என்பதை அழுத்தியே சொல்கிறேன். ஏனென்றால் வீட்டில் மற்ற எல்லாருக்கும் ஒரு பத்து நிமிடம் இருக்கிறது, அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ரியூசனுக்கு ஓடுகிற பிள்ளைகள், பின்னேரம் வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தியதும் எழுதுங்கள். பாடப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன். வரும் வழியில் கண்டதெல்லாம் அப்போது புதிதாக இருக்கும். பருத்தித்துறையிலிருந்தோ காரைநகரிலிருந்தோ வேலைக்கு வருகிறவர்கள், ஓடுகிற பஸ்ஸில் எழுத முயலவேண்டாம். பஸ் வெளிக்கிடும்வரை தரிப்பிடத்தில் உட்கார்ந்திருக்கிற நேரம் போதும். கடைக்காரருக்கு மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்றுவரை வெய்யிலில் சனம் வராது. கடையில் இருந்து எழுத முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: 1966 இல் மல்லிகை இதழைத் தொடங்கிப் பல பத்து வருடம் நடத்திய டொமினிக் ஜீவா, யாழ்ப்பாணத்து முடிதிருத்தும் கடையில் தொழில் செய்துகொண்டே எழுத்தாளராக வளர்ந்தவர். வயதானவர்களுக்கு அதிகாலை, கோயில் மணி கேட்ட பிறகு.

இரவுப் படுக்கையை நான் பரிந்துரைப்பதில்லை. அலுப்பில் எழுதுவது பெரும்பாலும் மனக்குறையாகத்தான் வரும். நாளில் இருந்த நல்லதெல்லாம் அந்நேரம் ஞாபகத்துக்கு வருவதில்லை.

எதை எழுதுவது

"என்ர வாழ்க்கையில என்ன கிடக்கு எழுத" என்று சொல்லாத ஆளே இல்லை. இருக்கிறது. அதைக் கேட்டு எடுக்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் உங்களிடமே மூன்று கேள்வி கேளுங்கள். இன்று நான் கண்ட ஒன்று எது? இன்று என் காதில் விழுந்த ஒரு வசனம் எது? நேற்று இல்லாதது இன்று எது? மூன்றுக்கும் விடை எழுதினாலே ஐந்து வரி வந்துவிடும்.

கண்டது என்றால் கண்ணால் கண்டது. பாசையூரில் மீன் வாங்கப் போனால், என்ன மீன், ஒரு கூறு என்ன விலை, கூறி விற்றவரின் குரல் எப்படி. திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் விலை ஏறினால், விலையோடு சேர்த்து விற்கிற அம்மா அதற்குச் சொன்ன காரணத்தையும். செம்மண் ஊர்க்காரர் என்றால் வெங்காயம் நட்டது, கிண்டியது, பாத்திக்குத் தண்ணி மாறியது. கிணற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை மாதத்துக்கு ஒரு தரமாவது எழுதுங்கள். சுண்ணாம்புக் கல் நிலத்தில் வற்றாத ஆறு இல்லாமல் கிணற்றை நம்பி வாழ்கிற ஊர் இது. மாரியில் கிணறு மேலே வருவதும் கோடையில் இறங்குவதும், கரையோரக் கிணறுகளில் உவர் ஏறுவதும் நம் வாழ்க்கையின் பெரிய செய்திகள். அவற்றை யாரும் பத்திரிகையில் போடுவதில்லை.

விலையும் வானிலையும் அற்பம் என்று நினைக்கவேண்டாம். புதுச்சேரியில் வணிகராகவும் பின்னர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாகவும் (மொழிபெயர்ப்பாளர்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 இலிருந்து 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் யாரைப் பார்க்கப் போனார்கள், சரக்கு எப்படிப் போகிறது, ஊரில் என்ன பேச்சு என்று அன்றாடத்தை எழுதி வைத்தார். அந்தக் காலத்துத் தென்னிந்தியாவை அறிய விரும்புகிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் தேடிப் போகிறார்கள்.

காதில் விழுந்தது என்பது இன்னும் பெறுமதியானது. வயதானவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். சோளகம் பெயர்ந்தது, வாடை விழுந்தது என்று அவர்கள் காற்றைப் பற்றிக் கதைப்பதையும், எந்த வேம்புக்குக் கீழே எந்தக் கதை நடந்தது என்பதையும், ஒடியல் கூழுக்கு என்னென்ன எந்த வரிசையில் போடவேண்டும் என்பதையும். அம்மம்மா சமையல் சொல்லும்போது அளவு சொல்லமாட்டா, "கையளவாய் போடு" என்பா. அந்தக் கை எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள்.

நேற்று இல்லாததைக் காட்டுவதில் பருவம் பெரிய உதவி. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம், அந்த நாட்களில் வீடுகளில் அவித்த பனங்கிழங்கு. சித்திரை வெய்யில், நுங்கு. ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழுகிற சத்தம், பனங்காய்ப் பணியாரம் சுடுகிற மணம். கார்த்திகை விளக்கீடு. மார்கழியில் விடியப்புறம் திருவெம்பாவை. ஒவ்வொரு மாதமும் ஒரு சாப்பாடும் ஒரு சத்தமும் ஒரு காற்றும் இருக்கிற ஊரில் எழுத ஒன்றுமில்லை என்று சொல்லவே முடியாது.

தொடங்க நல்ல நாள் எது என்று கேட்டால், நல்லூர்க் கொடியேற்றம் என்பேன். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி, 25 நாள் திருவிழா. பத்தாம் நாள் மஞ்சம், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். கோயிலுக்குப் போகிறவரோ போகாதவரோ, அந்த 25 நாளும் ஊர் வழமையாக இருக்காது. வீதி மறிப்பார்கள், வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வருவார்கள், பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) இருக்காது, கச்சான் கடையும் ஐஸ்கிரீம் கடையும் நிரம்பி வழியும். நாளுக்கு ஒரு புது விஷயம் தானாக வந்து நிற்கும். 25 நாள் எழுதி முடித்தால் கை கொஞ்சம் பழகியிருக்கும், அதற்குப் பிறகு வெறும் நாட்களிலும் விஷயம் கண்ணில் படத் தொடங்கும்.

எந்தச் சொல்லில் எழுதுவது

பள்ளிக்கூடத்தில் நாங்கள் கட்டுரை எழுதப் பழகியவர்கள். முன்னுரை, மூன்று பந்தி, முடிவுரை, நடுவில் ஒரு பழமொழி. சோதனைக்கு அது தேவைதான். கொப்பிக்கு அது பகை. இப்படி வரும்:

"இன்று கடும் மழை பொழிந்தது. வானம் கண்ணீர் வடித்தது. இயற்கையின் சீற்றத்தைக் கண்டு மனம் கலங்கியது."

இதில் எந்த ஊர், எந்த வீடு, யாருடைய மழை? ஒன்றும் தெரியாது. எந்த வருடத்து மழைக்கும் இதை எழுதலாம். அதே காலையை இப்படி எழுதலாம்:

"விடிய நாலு மணிக்கு மழை துடங்கினது. ஒழுங்கையில முழங்கால் மட்டும் தண்ணி. பால்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து போத்தலை மதிலுக்கு மேலால தந்தார். கிணத்துத் தண்ணி கட்டுமட்டும் வந்திட்டுது. அம்மம்மா, 'இப்பிடி ஒரு கார்த்திகை கண்டு கனகாலம்' எண்டு சொன்னா."

ஐந்து வரிதான், ஆனால் இது அந்த வீட்டின் மழை. கதைக்கிற சொல்லில் எழுதினால் பிழை என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். வேறு யாருக்காவது அனுப்பும்போது, அச்சுக்குக் கொடுக்கும்போது திருத்தி எழுதத் தெரிந்திருந்தால் போதும். கொப்பியில் படலை படலையாகவே இருக்கட்டும், குசினி குசினியாகவே இருக்கட்டும். எழுத்துப் பிழை வந்தாலும் நிறுத்தாமல் எழுதிக்கொண்டு போங்கள். ல, ள, ழ எல்லாம் எழுத எழுதத் திருந்தும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு சொல்வேன். முதல் மாதத்தில் "அழகு", "இனிமை", "சோகம்", "மறக்க முடியாத" போன்ற சொற்களைத் தவிர்த்துப் பாருங்கள். அவற்றை எழுதக் கை போகும்போது, உண்மையில் எதைக் கண்டு அப்படி நினைத்தீர்கள் என்று ஒரு கணம் யோசித்து, கண்டதை எழுதிவிடுங்கள்.

போனிலும் கணினியிலும்

கையால் எழுதுவதே முதல் கொப்பிக்கு நல்லது என்பது என் எண்ணம். போனைத் திறந்தால் வட்ஸ்அப் முந்திக்கொள்ளும். ஆனாலும் கை நோகிறவர்கள், பயணத்தில் இருக்கிறவர்கள் போனிலேயே எழுதலாம். குறிப்பு எழுதுகிற ஒரு செயலி போதும். தட்டச்சுக்குச் செல்லினம், கூகுள் ஜீபோர்டு இரண்டிலும் தமிழ் உண்டு. ஜீபோர்டில் பேசினால் எழுத்தாகிற வசதியும் இருக்கிறது. நம் பேச்சில் சில சொற்களைப் பிழையாகப் பிடிக்கும், ஆனால் கண் தெளிவில்லாத பெரியவர்களுக்கு அது பேருதவி. அவர்கள் சொல்ல, பிறகு பேரப்பிள்ளை இருந்து திருத்தலாம்.

கணினியில் எழுதுகிறவர்களுக்கு முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இங்கே நிறையப் பேர் பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள். பாமினி யூனிகோடு அல்ல. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் உங்கள் எழுத்து முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் தெரியும், தேடினாலும் அகப்படாது. இருபது வருடம் கழித்து உங்கள் பிள்ளை திறந்து பார்க்கவேண்டும் என்றால் யூனிகோடில் எழுதுங்கள். விரல் பாமினி விசைகளுக்குப் பழகியிருந்தால் பயப்படவேண்டாம், அதே விசை அமைப்பில் யூனிகோடில் தட்டுகிற வசதிகள் உண்டு. பழைய பாமினிக் கோப்புகளையும் மாற்றி வைத்துவிடுங்கள், மாற்றிக் கொடுக்கிற கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

வீட்டார்

யாழ்ப்பாணத்து வீட்டில் ஒருவர் தனியாக இருந்து எழுதினால் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

"என்ன பிள்ளை, கன நேரமாய் எழுதுறாய்?"

"ஒண்டுமில்லையம்மா, இண்டைக்கு நடந்ததை எழுதி வைக்கிறன்."

"எங்களைப் பற்றியும் எழுதுறியோ?"

"ஓமம்மா. நீங்கள் அவிச்ச புட்டைப் பற்றி எழுதியிருக்கிறன், வாசிக்கட்டே?"

இப்படி ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும். ஒளித்து எழுதினால்தான் எல்லாருக்கும் சந்தேகம் வரும். அதோடு, புட்டைப் பற்றிக் கேட்ட அம்மா அடுத்த நாள் தானாகவே, "அந்தக் காலத்தில நாங்கள் குரக்கன் மாவிலதான்..." என்று தொடங்குவா. உங்களுக்கு அன்றைய ஐந்து வரி வீடு தேடி வந்துவிடும்.

ஆனால் வாசித்துக் காட்ட முடியாததும் எழுதவேண்டி வரும். கோபம், காதல், காணிப் பிரச்சினை, சீதனக் கதை. அதற்கு வேறு கொப்பி வையுங்கள், அல்லது போனில் பூட்டுப் போட்டு வையுங்கள். மற்றவர்களுடைய இரகசியத்தை எழுதும்போது பெயரை விட்டுவிட்டு "ஒரு ஆள்" என்று எழுதுங்கள். சின்ன ஊர், கொப்பி கை மாறினால் ஒரு குடும்பமே தலைகுனிய நேரிடலாம். ஒருவருடைய துயரத்தை எழுதும் உரிமை நமக்கு எவ்வளவு தூரம் உண்டு என்பதை ஒவ்வொருவரும் யோசித்துத்தான் ஆகவேண்டும். போர் முடிந்த பிறகும் பல வீடுகளில் காணாமல்போன ஒருவரின் படம் சுவரில் தொங்குகிறது. அந்த வீட்டு அம்மாவின் பேச்சை எழுதுவதானால், முதலில் அவவிடம் கேளுங்கள்.

விட்டுப்போகிற நாட்கள்

செத்த வீடு வரும். கலியாண வீட்டுக்கு ஒரு கிழமை வேலை இருக்கும். பிள்ளைக்கு டெங்கு என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கவேண்டி வரும். அப்போது எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். முன்னால் சொன்ன ஆய்வே இதற்கும் ஆறுதல் தருகிறது: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. திரும்பி வந்த நாளில் விட்ட நாட்களுக்குச் சமாதானம் எழுதாதீர்கள். திகதி, கிழமை, இடம் போட்டு, அன்றைய நாளை எழுதத் தொடங்குங்கள். செத்த வீட்டைப் பற்றி எழுதத் தோன்றினால், அது ஒரு மாதம் கழித்துக்கூட வரலாம். வரும்போது எழுதுங்கள்.

மின்சாரம் போனால் எழுதுவது எப்படி என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை வெட்டினார்கள், அது அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்தைய தலைமுறை, தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத வருடங்களில், ஜாம் போத்தல் விளக்கில் படித்து ஏ.எல். எழுதியது. கொப்பிக்கு சார்ஜ் தேவையில்லை என்பதற்காகத்தான் முதலில் கொப்பியைச் சொன்னேன். பகல் வெளிச்சத்தில் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தக் கவலையே வராது.

சில நாட்களில் ஒன்றும் வராது. கொப்பி திறந்திருக்கும், பேனை கையில் இருக்கும். அப்போது இருக்கிற இடத்திலிருந்து கேட்கிற சத்தங்களை வரிசையாக எழுதுங்கள். காகம், தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டு ரேடியோ, ஒழுங்கையில் பாண்காரரின் பாட்டு. ஐந்தாவது சத்தத்துக்குள் ஏதாவது ஒன்று கதை சொல்லத் தொடங்கும். தொடங்காவிட்டாலும் ஐந்து வரி ஆகிவிட்டது, கொப்பியை மூடலாம்.

காத்து வைப்பது

இதை நீட்டித்தான் சொல்வேன். 1841 இல் உதயதாரகை வந்த காலத்திலிருந்து இந்த மண்ணில் பத்திரிகை அச்சாகிறது. வீடுகளிலும் எவ்வளவோ எழுதினார்கள்: கணக்குக் கொப்பி, கடிதம், வைத்திய ஏடு, சாதகக் குறிப்பு. அவற்றில் மிஞ்சியது மிகக் குறைவு. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகளும் அதில் இருந்தன. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தபோது, கையில் எடுத்தது அரிசியும் உடுப்பும் பிள்ளைகளும். அலுமாரியில் இருந்த அல்பமும் டயரியும் அங்கேயே நின்றன. திரும்பி வந்தவர்களில் பலருக்கு அலுமாரியே இல்லை.

ஆகவே எழுதுகிறவர்கள் ஒரு பிரதியோடு நிற்கக் கூடாது. மாதத்தில் ஒரு நாள், போயா விடுமுறை என்று வைத்துக்கொள்ளலாம், அந்த மாதத்துப் பக்கங்களைப் போனில் படம் எடுங்கள். பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், பக்கம் நேராக இருக்க எடுத்தால் போதும். அவற்றைக் கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் வருடம், மாதம் என்று பெயரிட்டு ஏற்றுங்கள். வெளிநாட்டில் நம்பிக்கையான தம்பியோ தங்கச்சியோ இருந்தால் அவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கொப்பியைத் தரையில் வைக்கவேண்டாம், கறையான் ஒரு மாரிக்குள் தின்றுவிடும். தகர ரங்குப் பெட்டியில், காய்ந்த வேப்பிலை போட்டு, சுவரில் முட்டாமல் வையுங்கள். பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். துணியில் சுற்றுவது நல்லது.

வீட்டில் பழைய கொப்பி, கடிதம், மலர், நினைவுப் பிரசுரம் ஏதும் கிடந்தால் அவற்றையும் எறியாதீர்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்துகளை எண்ணிமமாக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அந்தியேட்டி நாளில் வெளியிடுகிற நினைவு மலர்கள்கூட அங்கே சேர்க்கப்பட்டிருக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள், உங்களுக்கு முன் உங்கள் ஒழுங்கையைப் பற்றி எழுதியவர் யாராவது அகப்படலாம்.

முதல் கொப்பி நிரம்பியதும்

உடனே வாசிக்கவேண்டாம். அடுத்த கொப்பியில் ஒரு மாதம் எழுதிவிட்டுப் பழையதை எடுங்கள். வாசிக்கும்போது சிவப்புப் பேனையை எடுத்துப் பிழை திருத்தக் கூடாது. பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு மட்டும்: எந்த இடத்தில் "இதைப் பற்றி இன்னும் சொல்லலாம்" என்று தோன்றுகிறதோ, அங்கே. ஒரு கொப்பியில் பத்துப் பதினைந்து கோடு விழும். அவற்றில் ஒன்றை எடுத்து, வெள்ளைத் தாளில் இரண்டு பக்கமாக விரித்து எழுதுங்கள். கட்டுரையாகவோ கதையாகவோ அது வளரும். பலருக்கு முதல் படைப்பு இப்படித்தான் வருகிறது. அதை ஒரு நண்பரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு உள்ளூர்ப் பத்திரிகையின் வாரப் பதிப்புக்கோ சிற்றிதழுக்கோ அனுப்பலாம், அனுப்பாமலும் விடலாம். அனுப்பினால் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

முடிந்த கொப்பியின் மட்டையில் இவ்வளவும் எழுதி வையுங்கள்: தொடங்கிய திகதி, முடிந்த திகதி, கொப்பி இலக்கம், உங்கள் முழுப்பெயர், ஊர். உள் மட்டையில், கொப்பியில் வருகிற ஆட்களின் பெயரும் உறவும் ஒரு சின்னப் பட்டியலாக: "சின்னண்ணை: அப்பாவின் தமையன்; பூமணியக்கா: பக்கத்து வீடு" என்று. கண்டெடுக்கிறவருக்கு உங்களைத் தெரியாமல் இருக்கலாம். பிறகு அடுத்த கொப்பியின் முதல் பக்கத்தில் திகதி, கிழமை, இடம்.